இன்னொரு தபா

என் மாமியார் என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. சண்டை எதுவும் கிடையாது. எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் மாமியார் மாப்பிள்ளைக்கு முன்னால் வந்து நிற்க மாட்டார், நேராகப் பேசவும் மாட்டார். கதவுக்குப் பின்னால் நின்று தன் பெண்ணிடம் சொல்வார். மூன்றடி தள்ளி உட்கார்ந்திருக்கும் எனக்கு அது நன்றாகவே கேட்கும். இருந்தாலும் என் மனைவி சம்பூர்ணம் அதைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் நான் பதில் சொல்லலாம்.

"மாப்பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுமான்னு கேளுடி" என்று கதவு சொல்லும்.

"ரசம் ஊத்தட்டுமான்னு கேக்கறாங்க" என்பாள் சம்பூர்ணம்.

"போதும்னு சொல்லு."

"போதுமாம், அம்மா."

ஒரு கரண்டி ரசத்துக்கு நாலு வாக்கியம் செலவாகும். கல்யாணமான புதிதில் எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் பழகிவிட்டது.

ராயப்பேட்டையில் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். முன்னால் ஒரு கூடம், பின்னால் சமையலறை, நடுவில் அந்தக் கதவு. அது எப்போதும் முக்கால் வாசி சாத்தியிருக்கும். நிலையில் ஒரு நாதாங்கிச் சங்கிலி தொங்கும். மாமனார் காலமாகிவிட்டார், சம்பூர்ணம் ஒரே பெண். அதனால் கல்யாணத்தோடு மாமியாரும் எங்களோடு வந்துவிட்டார். பெண் வீட்டில் வந்து உட்கார்ந்துவிட்டாள் என்று பேசாதவர்கள் இல்லை. அவர் அதை லட்சியம் செய்யவில்லை. நான் பார்த்த அளவில் அவர் என்பது வெளுத்த புடவையின் ஒரு ஓரமும், சங்கிலியைப் பிடித்தபடி இருக்கும் நாலு விரல்களும்தான். ஆள்காட்டி விரல் நகம் மட்டும் கொஞ்சம் வளைந்திருக்கும்.

அவரிடம் ஒரு வார்த்தை உண்டு. "இன்னொரு தபா."

யார் எது சொன்னாலும், தெளிவாகக் காதில் விழவில்லை என்றால் விடவே மாட்டார். கீரைக்காரி, பால்காரர், டாக்டர், பஞ்சாங்கம் பார்க்கிறவர், எல்லோரும் அவருக்கு ஒன்றுதான். "இன்னா சொன்னே? காதுல விழல. இன்னொரு தபா சொல்லு." குரலில் கெஞ்சலும் இருக்காது, அதிகாரமும் இருக்காது. தாகத்துக்குத் தண்ணீர் கேட்பது போலக் கேட்பார். திருவல்லிக்கேணியில் ஒரு கதாகாலட்சேபத்துக்குப் போனபோது, பாகவதர் ஒரு சங்கதியை வேகமாகத் தாண்டிப்போக, பெண்கள் பக்கத்திலிருந்து "இன்னொரு தபா சொல்லுங்க சாமி" என்று இவர் கேட்டுவிட்டார். சபையே சிரித்தது. சம்பூர்ணம் வெட்கத்தில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பாகவதர் மட்டும் சிரிக்கவில்லை. கதையில் பின்னால் போய், விட்டுப்போன இடத்தை எடுத்துச் சொல்லிவிட்டு வந்தார்.

இந்தத் தபாவில் முதலில் மாட்டிக்கொண்டது என் சித்தப்பாதான். எனக்குப் பெண் கேட்கப் போனவர் கதவைப் பார்த்து, "பையன் காலேஜுல புரொபசர் மாதிரி" என்று ஆரம்பித்தார்.

"காதுல விழல. இன்னொரு தபா சொல்லச் சொல்லு."

"காலேஜுல, சயன்ஸ் டிபார்ட்மெண்ட்ல வேலை."

"இன்னொரு தபா."

சித்தப்பாவுக்கு வேர்த்துவிட்டது. "சோதனைக் கூடத்துல சாமான் எடுத்துக் குடுக்கறது. கண்ணாடிக் குழாயெல்லாம் கழுவி வைக்கிறது."

"இப்போ நல்லா கேட்டுது" என்றது கதவு. "பொண்ணு குடுக்கலாம்."

சித்தப்பா சாகும் வரை இதைச் சொல்லிச் சொல்லி ஆச்சரியப்படுவார். புரொபசருக்குக் கொடுக்கத் தயங்கியவர், குழாய் கழுவுகிறவனுக்குச் சரி என்றுவிட்டாரே என்று.

குழாய் கழுவிய நேரம் போக எனக்கு ஒரு பைத்தியம் இருந்தது, அமெச்சூர் ரேடியோ. சொந்தமாக ஒரு டிரான்ஸ்மிட்டர் கட்டி, லைசென்ஸ் வாங்கி, மோர்ஸ் சங்கேதத்தில் உலகத்தோடு பேசுவது. முப்பதுகளில் மதராஸில் இதைச் செய்தவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். என் டிரான்ஸ்மிட்டரில் ஒரே ஒரு வால்வு. ஏரியலுக்கு ஊரூர்க் குப்பத்திலிருந்து ஒரு கட்டுமரக்காரர் வந்து மாடியில் சவுக்குக் கம்பு நட்டுக் கயிறு கட்டிக் கொடுத்தார். "பாய் கட்டலியா நைனா?" என்று கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்தார். எதற்கு இந்தக் கம்பு என்று நான் விளக்கியதை அவர் நம்பவில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் அவர் போட்ட முடிச்சு எந்தப் புயலுக்கும் அவிழவில்லை.

வருஷத்துக்கு ஒரு முறை, மாசியில், பிரிட்டிஷ் கொடி பறக்கிற நாடுகளில் இருக்கும் அமெச்சூர்களுக்கெல்லாம் ஒரு போட்டி நடக்கும். விதி சுலபமானது. ஒருவரைக் கூப்பிட வேண்டும். இது அவருடைய எத்தனையாவது தொடர்பு என்பதை மூன்று இலக்க எண்ணாக அவர் அடிப்பார், நான் என் எண்ணை அடிப்பேன். இரண்டு பேரும் எழுதிக்கொள்ள வேண்டும். போட்டி முடிந்ததும் எல்லோருடைய தாள்களும் லண்டனுக்குப் போகும். அங்கே ஒருவர் தாளை இன்னொருவர் தாளோடு ஒத்துப் பார்ப்பார்கள். ஒரு இலக்கம் பிசகினால் அந்தத் தொடர்புக்குக் குறுக்குக் கோடு.

முதல் வருஷம் நான் நாற்பது தொடர்பு பிடித்து மார்தட்டிக்கொண்டேன். பாதிக்கு மேல் குறுக்குக் கோடு விழுந்தது. காரணம் எனக்குத் தெரியும். இரைச்சலில் ஒரு இலக்கம் நழுவிப் போனால் "மறுபடி சொல்லுங்கள்" என்று கேட்க எனக்கு வெட்கம். ஆஸ்திரேலியாவில் இருக்கிறவன், ஆப்பிரிக்காவில் இருக்கிறவன், அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருக்கும்போது, மதராஸ்காரனுக்குக் காது மந்தம் என்று நினைத்துவிடுவார்களே! அதனால் "கிடைத்தது, சரி" என்று கம்பீரமாக அடித்துவிட்டு, ஏதோ ஒரு எண்ணை எழுதிவிடுவேன். லண்டனிலிருந்து திரும்பி வந்த தாளின் அடியில், அடுத்த முறையும் இப்படி இருந்தால் தங்கள் தாளை ஏற்பதற்கில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தார்கள்.

எங்கள் கூட்டத்தில் அடையாற்று வக்கீல் ஒருவர் இருந்தார். பெரிய பங்களா, சீமையிலிருந்து தருவித்த கருவிகள், நல்ல காது. வாயும் நல்ல வாய். ஞாயிற்றுக்கிழமைகளில் லஸ் மூலையில் ஒரு காபி ஓட்டலில் நாங்கள் கூடுவது வழக்கம். என் தாளைப் பார்த்துவிட்டு, "என்ன சார், நம்பரையெல்லாம் கட்டம் போட்டுக் கண்டுபிடிச்சீங்களா?" என்றார். அன்றிலிருந்து எனக்கு ஜோசியர் என்று பெயர். காபி கொண்டுவருகிற ஆள்கூட "ஜோசியருக்குச் சர்க்கரை கம்மியா?" என்று கேட்க ஆரம்பித்தான். வெளியே சிரித்தேன். உள்ளுக்குள் எரிந்தது. அடுத்த மாசியில் ஒரு குறுக்குக் கோடு கூட இல்லாமல் ஒரு தாள் அனுப்பி இந்தப் பெயரைத் தொலைக்க வேண்டும், இல்லாவிட்டால் கருவியைக் கழற்றிக் காயலான் கடையில் போட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.

அந்த ஐப்பசியில் ஒரு சாயங்காலம். வெளியே மழை. பத்திரிகையில் இருந்த ரயில் நேர அட்டவணையை வைத்துக்கொண்டு எண்களை அடித்துப் பழகிக்கொண்டிருந்தேன். டிரான்ஸ்மிட்டர் அணைந்திருந்தது, மோர்ஸ் அடிக்கும் சாவி எழுப்பும் டக் டக் மட்டும்தான் சத்தம். ஒரு எண்ணில் கை தடுமாறி இலக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அப்போது கதவுச் சங்கிலி அசைந்தது. இரண்டு தட்டு, இரண்டு இழுப்பு, மறுபடி இரண்டு தட்டு.

காற்றுதான் என்று நினைத்தேன். மறுபடியும் அதே. இரண்டு தட்டு, இரண்டு இழுப்பு, இரண்டு தட்டு. தட்டினால் புள்ளி, இழுத்தால் கோடு என்று வைத்துக்கொண்டால் அது மோர்ஸில் கேள்விக்குறி. விளங்கவில்லை, திரும்ப அடி என்று அர்த்தம்.

அந்த எண்ணைப் பிரித்துப் பிரித்து, நிதானமாக மறுபடி அடித்தேன். சங்கிலி ஒரு தட்டு, ஒரு இழுப்பு, ஒரு தட்டு என்று பதில் சொன்னது. கிடைத்தது என்பதற்கு உலகம் முழுவதும் அதுதான் அடையாளம்.

"சம்பூர்ணம்! கதவுகிட்ட யாரு?"

"அம்மாதான். ஏன் இப்படிக் கத்தறீங்க?"

"உங்கம்மாவுக்கு மோர்ஸ் தெரியுமா?"

"அப்படின்னா இன்னா?"

கதவு இப்போது வாயைத் திறந்தது. "கட்டுக்கடாவத்தான் கேக்கறாருன்னு நெனைக்கிறேன். தெரியும்னு சொல்லுடி. எங்க நைனா டேசன் மாஸ்டரு. எங்கம்மா போனப்பறம் நான் அந்த ரூம்லயே தந்தி மெசினுக்குப் பக்கத்துல ஒக்காந்துகினு இருப்பேன். கட்டுன்னா புள்ளி, கடான்னா கோடு. சோறு திங்கறதுக்கு மின்னாடியே அத்தக் கத்துக்கினேன்னு நைனா சொல்லுவாரு."

பெற்ற பெண்ணுக்கே தெரியாத சமாசாரம். சம்பூர்ணம் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். "என்கிட்ட ஏம்மா சொல்லல?" என்று கேட்டதற்கு, "நீ எங்கடி கேட்டே?" என்று பதில் வந்தது.

மீதிக் கதை அடுத்த நாட்களில் ரசத்தோடும் மோரோடும் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. அவருக்குப் பத்து வயதாக இருக்கும்போது ஒரு நாள் அப்பாவுக்குக் காய்ச்சல். மாற்று ஆள் ஒருவர் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்து ஸ்டேஷனிலிருந்து வருகிற வண்டியின் நம்பரை அடிக்கிறார்கள். மாற்று ஆளுக்குப் பாதிதான் கேட்டது. எப்போதும் அந்த நேரத்துக்கு வருகிற வண்டிதானே என்று கிடைத்ததாகப் பதில் அடித்துவிட்டார். மூலையில் இருந்த பெண் எழுந்து ஓடிப்போய், "நைனா, அந்தாளு கேக்காமயே கேட்டுதுன்னு அடிச்சிட்டாரு" என்று சொல்லிவிட்டாள். அப்பா போர்வையோடு வந்து, திரும்பக் கேட்டு வாங்கினார். வந்துகொண்டிருந்தது வேறு வண்டி. ஆபத்து ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

இதைச் சொல்லிவிட்டு, "கேக்கலன்னு சொல்றதுல இன்னா கீது? கேட்டுதுன்னு சொல்றதுலதான் எல்லாம் கீது. அவருகிட்ட சொல்லு" என்றார். சம்பூர்ணம் திருப்பிச் சொல்லும் வரை நான் காத்திருந்தேன். அன்றைக்கு இரண்டு தபா கேட்டது நல்லதாகப் போயிற்று.

அதன் பிறகு சாயங்காலங்களில் நான் அடிப்பேன், கதவு கேட்கும். ஒருநாள் சம்பூர்ணத்தின் மூலமாக ஒரு கேள்வி வந்தது. போன வருஷம் என்னென்ன எழுதித் தப்பாகப் போயிற்று? அவமானத்தை விழுங்கிக்கொண்டு தாளைப் படித்தேன். பல இடங்களில் எண்ணுக்கு நடுவே ஒற்றைக் கோடு ஒன்று தனியாகக் கேட்டதாகவும், அதை ஏதோ இரைச்சல் என்று தள்ளிவிட்டு நானாக ஒரு இலக்கம் போட்டதாகவும் சொன்னேன். கதவுக்குப் பின்னால் ஒரு சிரிப்பு. அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அது சைபருடி! சைபருக்கு அஞ்சு கோடு அடிக்கணும். அவசரத்துல எவன் அஞ்சு அடிப்பான்? ஒண்ணோட நிறுத்திக்குவான். நைனாவும் அப்படித்தான் அடிப்பாரு. இது இன்னான்னு அவரு ஒருத்தனையாவது கேட்டிருந்தா சொல்லியிருப்பானே?"

எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அத்தனை சைபர்களையும் நான் நாலாகவும் ஆறாகவும் ஆக்கி லண்டனுக்கு அனுப்பியிருக்கிறேன். வக்கீல் வைத்த பெயர் ரொம்பச் சரியான பெயர்.

மாசி வந்தது. சனிக்கிழமை காலை போட்டி ஆரம்பம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு முடிவு. ஹெட்போன் என் காதில் இருந்தால் அவருக்குக் கேட்காது. சம்பூர்ணம் ஒரு வழி சொன்னாள். ஹெட்போனை வெண்கலக் கிண்ணத்தில் போட்டுக் கதவருகே வைத்தோம். பெரிய சத்தங்கள் நன்றாகவே கேட்டன. மெல்லிய சத்தங்கள், அவைதானே தூர தேசம், கிண்ணத்தோடு நின்றுவிட்டன. கடைசியில் நான் ஒரு காரியம் செய்தேன். ஹெட்போனை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் நீளமாகக் கம்பி சேர்த்துக் கதவிடுக்கு வழியாக உள்ளே நீட்டினேன். ஒரு காது எனக்கு, ஒரு காது கதவுக்குப் பின்னால். வளைந்த நகமுள்ள விரல் அதை வாங்கிக்கொண்டு போயிற்று. எங்கள் இருவருக்கும் நடுவே நேராகக் கை மாறிய முதல் பொருள் அதுதான்.

அந்த இரண்டு நாளும் வீட்டில் பேச்சே கிடையாது. வாசலில் உப்பு விற்கிறவன் குரல் கொடுத்தால் சம்பூர்ணம் ஓடிப்போய்க் கையைக் காட்டி நிறுத்துவாள். நியூசிலாந்து வந்தது. கென்யா வந்தது. இங்கிலாந்து கும்பலாக வந்தது. மாமியாருக்கு இரண்டே வார்த்தைதான். எனக்கு ஒரு இலக்கம் சந்தேகமாகி, பேனா ஒரு கணம் தயங்கினால் போதும், சங்கிலி கேள்விக்குறி போடும். சரியாக விழுந்தால் கட்டு கடா கட்டு. விடையை ஒருபோதும் சொல்ல மாட்டார். நான் கேட்க வேண்டும், எதிரே இருப்பவர் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். முதல் பத்துப் பேரிடம் கேட்கும்போது காது மடல் சூடாயிற்று. அப்புறம் தெரிந்துகொண்டேன், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. கேட்டால் சந்தோஷமாக மறுபடி அடிக்கிறார்கள். தங்கள் எண் ஒழுங்காகப் போய்ச் சேர வேண்டும் என்ற அக்கறை அவர்களுக்கும் உண்டு. ஒரு வருஷமாக நான் எதைக் கண்டு பயந்தேன் என்று எனக்கே விளங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணி இருபது நிமிஷம். தெற்கே, இந்து மகாசமுத்திரத்தில் ஏதோ ஒரு தீவிலிருந்து ஒருவர் நூலிழை போலக் கேட்டார். புதிய தேசம் என்றால் மதிப்பெண் அதிகம், அதனால் ஆளாளுக்கு அவரைக் கூப்பிட்டார்கள். அடையாற்று வக்கீலும் அதே அலைவரிசையில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் சாவியை அழுத்தும் தினுசு எனக்குத் தெரியும். தீவுக்காரர் என்னை எடுத்துக்கொண்டார். எண்ணை அடித்தார். ஒற்றைக் கோடு, அது சைபர். அடுத்தது மூன்று. கடைசி இலக்கத்தில் இரைச்சல் வந்து விழுந்து, வால்பக்கம் இரண்டு புள்ளி மட்டும்தான் கிடைத்தது. ஏழாகவும் இருக்கலாம், எட்டாகவும் இருக்கலாம்.

கொஞ்சம் முன்னால் அவர் யாருக்கோ முப்பத்தாறு கொடுத்தது என் காதில் விழுந்திருந்தது. நடுவில் ஒருவரை முடித்திருப்பார், ஆகவே எனக்கு எட்டு. கணக்குக் கச்சிதமாக இருந்தது. எட்டு என்று எழுதியே விட்டேன்.

கட்டு கட்டு கடா கடா கட்டு கட்டு.

நேரம் ஓடுகிறது. வக்கீல் கேட்டுக்கொண்டிருக்கிறார். கேட்டேன். மறுபடி வந்தது, மறுபடி இரைச்சல். கேள்விக்குறி. கேட்டேன். பாதி விழுந்தது. கேள்விக்குறி. "அவங்களுக்கும் கேக்கலையாம்" என்று சம்பூர்ணம் கிசுகிசுத்தாள். நாலாவது தடவை தீவுக்காரர், கடிதத்தில் கையெழுத்துப் போடுகிறவர் மாதிரி, மெதுவாக, தெளிவாக அடித்தார். கடா கடா கட்டு கட்டு கட்டு. ஏழு! கதவுக்குப் பின்னாலிருந்து கட்டு கடா கட்டு விழுந்தது. எட்டை அழித்து ஏழு எழுதினேன். அந்த நாலு தபாவில் இரண்டு மூன்று பேரைப் பிடித்திருக்கலாம்தான். அந்த ஏழு எனக்குப் போதும் என்றிருந்தது.

மறுநாள் சாயங்காலம் தாளைச் சுத்தமாக எழுதி முடித்தேன். கடைசியில் ஒரு உறுதிமொழி இருக்கும், அதன் கீழே கையெழுத்துப் போட வேண்டும். பேனாவை எடுக்கும்போது, "இன்னா எழுதியிருக்குன்னு படிக்கச் சொல்லு" என்றது கதவு.

தமிழாக்கிப் படித்தேன். "இந்தப் போட்டியில் நான் ஒருவனே, வேறு யார் உதவியும் இல்லாமல், கருவியை இயக்கினேன் என்று உறுதி கூறுகிறேன்."

சங்கிலி கேள்விக்குறி போட்டது.

இந்த முறை "வேறு யார் உதவியும்" என்ற இடத்தைக் கொஞ்சம் வேகமாகத் தாண்டினேன். மறுபடி கேள்விக்குறி. மூன்றாவது முறை அந்த இடத்துக்கு வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். என் சித்தப்பாவுக்கு வேர்த்தது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

"உள்ளதை எழுதினா போட்டியில சேத்துக்க மாட்டாங்களா?" என்று சம்பூர்ணம் கேட்டாள்.

"மாட்டாங்க. தனி ஆளுக்குத்தான் போட்டி."

"அப்போ மறுபடியும் ஜோசியர்னு கூப்பிடுவாங்களே?"

வருத்தம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு வருஷம் முழுக்க இந்தத் தாளுக்காகத்தானே காத்திருந்தேன். உள்ளேயிருந்து குரல் வந்தது. "சேத்துக்கலன்னா போவுதுடி. தப்பு கீதான்னு பாப்பாங்க இல்ல? அத்தப் பாக்கட்டும். அதுதானே அவருக்கு வேணும்?"

உறுதிமொழியைக் கோடு போட்டு அடித்துவிட்டு, என்னுடன் இன்னொருவரும் கேட்டார் என்று எழுதினேன்.

ஐந்து மாதம் கழித்து, முடிவு அச்சான பத்திரிகையை எடுத்துக்கொண்டு அடையாற்று வக்கீலே காரில் வந்துவிட்டார். அவர் கார் எங்கள் சந்துக்குள் நுழையாது. முனையில் விட்டுவிட்டு நடந்து வந்தார். வரிசைப் பட்டியலில் நான் இல்லை. பட்டியலுக்குக் கீழே, பொடி எழுத்தில், போட்டிக்குச் சேராத தாள்கள் என்ற தலைப்பில் ஒரு வரி. கூடத்தில் நின்றபடி அதைப் படித்தார். லைசென்ஸோடு கொடுத்த என் அழைப்பு எழுத்துகள், என் பெயர், "உடன் கேட்டவர்" என்று இன்னொரு பெயர், இந்தத் தாளில் ஒரு எண்கூடத் தவறில்லை என்ற குறிப்பு.

"நான் ரெண்டாவதா வந்திருக்கேன் சார், ஆனா அந்தத் தீவு நம்பர்ல எனக்குக் கோடு விழுந்துடுத்து" என்றார். "நீங்க மூணு தரம் திரும்பக் கேட்டப்போ நான் சிரிச்சேன். எனக்கு வந்தப்போ கேக்காம எழுதிட்டேன். இனிமே ஜோசியர் நான்தான். அதிருக்கட்டும், இது யார் சார், கூடக் கேட்டவர்?"

நான் வாயைத் திறப்பதற்குள் சங்கிலி பேசியது. கட்டு கட்டு கடா கடா கட்டு கட்டு.

வக்கீல் சட்டென்று கதவைப் பார்த்தார். கெட்டிக்காரர், புரிந்துகொண்டார். செருப்பைக் கழற்றிவிட்டு வந்தவர்தான், இருந்தாலும் மேல் துண்டையும் இறக்கி இடுப்பில் கட்டிக்கொண்டார். தொண்டையைச் செருமிக்கொண்டு, கோர்ட்டில் படிக்கிற குரலில், அந்த வரியை அந்தப் பெயரோடு இன்னொரு தபா படித்தார். கட்டு கடா கட்டு என்றது கதவு.

முதல் தபாவே மாமியாருக்கு நன்றாகக் கேட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்றால், அந்தப் பெயர் எனக்குக் கிடைத்த விதம் அப்படி.

தாளில் "என்னுடன் இன்னொருவரும் கேட்டார்" என்று எழுதிய அன்று, அதற்கு அடுத்து அவர் பெயரை எழுத வேண்டியிருந்தது. பேனா நின்றுவிட்டது. மூன்று வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம், அவர் பெயர் எனக்குத் தெரியாது. சம்பூர்ணத்தின் அம்மா, ஸ்டேஷன் மாஸ்டர் பெண் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கல்யாணப் பத்திரிகையில் மாமனார் பெயர்தான் இருந்தது. கடைசியாக அவரை யார் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பார்கள்? அந்த நைனாவாகத்தான் இருக்கும்.

"உங்கம்மா பேரு என்ன?" என்று கேட்டேன்.

சம்பூர்ணம் சொல்ல வாயெடுத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, கதவைப் பார்த்தாள். "அவங்களையே கேளுங்க" என்றுவிட்டுத் தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். நடுவில் நின்று திருப்பிச் சொல்ல ஆளில்லை. மாசி வெயில் சாய்ந்து, கதவு வரைக்கும் வந்திருந்தது. நாற்காலியைக் கதவுப் பக்கம் திருப்பிக்கொண்டேன். அப்புறம் சங்கிலி அசைந்தது. அப்பா கற்றுக்கொடுத்த இங்கிலீஷ் எழுத்துகளில், ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு, அவர் தன் பெயரைத் தட்டினார்.

ஒரு எழுத்துகூட நழுவவில்லை. முதல் தபாவே எனக்கு முழுசாகக் கேட்டது. இருந்தாலும் மேசை விளிம்பில் விரலை வைத்து, கட்டு கட்டு கடா கடா கட்டு கட்டு என்று தட்டினேன்.